லயத்துக்கும் ஐ.சீ.யூவுக்கும் இடையில்

நோயாளியின் மூச்சைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர் சுவாச சிகிச்சையாளர். ஒட்சிசன் எவ்வளவு, எந்தக் குழாய் வழியாக என்று பார்த்துக் கொடுப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, செயற்கைச் சுவாச இயந்திரத்தை ஓட்டுவது, அதிலிருந்து நோயாளியைப் படிப்படியாக விடுவிப்பது, நுரையீரலின் வலுவை அளப்பது, இன்ஹேலர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அவருடைய அன்றாட வேலை. மருத்துவர் பல உறுப்புகளைப் பார்க்கிறார், தாதி நோயாளி முழுவதையும் பார்க்கிறார். இவருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் போய்வரும் காற்று மட்டுமே கணக்கு.

இந்தத் தொழில் தனியாகப் பிரிந்து வந்ததில் ஒரு கொள்ளைநோய்க்குப் பங்குண்டு. 1952 ஓகஸ்டில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்து, அக்காலத்து இரும்பு நுரையீரல் போன்ற கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் முதல் மூன்று வாரத்துக்குள் இறந்தார்கள். மயக்கமருந்து மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தலாம் என்றார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவுபகலாகப் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒருவருடைய மூச்சை இன்னொருவர் உட்கார்ந்து கவனிப்பது முழுநேர வேலை என்பதை உலகம் அங்கே கண்டது. அமெரிக்காவில் ஒட்சிசன் சிலிண்டர்களைக் கட்டிலுக்குக் கட்டில் உருட்டிச் சென்ற உதவியாளர்கள் அதற்கும் முன்பே, 1940களின் பிற்பகுதியில், சிகாகோவில் ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். இன்றைய சுவாச சிகிச்சையாளர்களின் முன்னோர் அவர்கள்தான்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் ஊர் ஊராகப் போகிறவர்கள். முகவர் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் ஆளில்லாத மருத்துவமனைக்குப் போய், முடிந்ததும் அடுத்த ஊருக்கு நகர்வார்கள். இந்தியாவில் வேலூர் சீ.எம்.சீ., மணிப்பால் போன்ற இடங்களில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. இலங்கையில் அந்தப் பெயரில் ஒரு பதவி கிடையாது. மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள் என்று இங்கே நெடுங்காலமாக எண்ணப்படுபவை மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற ஐந்துதான். மூச்சுக்கான வேலை பலருடைய கைகளில் பங்காகக் கிடக்கிறது. இயந்திரத்தை மயக்கமருந்துப் பிரிவு மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐ.சீ.யூவின் தாதியும் பார்க்கிறார்கள். சளியை இறக்கும் பயிற்சி இயன்மருத்துவருடையது. நெஞ்சுநோய்க் கிளினிக்கை நுரையீரல் மருத்துவர் நடத்துகிறார். காசநோயாளியின் வீட்டுக்குப் போவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பெயர் இல்லாவிட்டாலும் பயணம் இருக்கிறது. அந்தப் பயணம் மிகக் கடினமாக இருக்கும் இடங்களில் ஒன்று சப்ரகமுவவின் தோட்டப்புறம்.

ஒரு நெஞ்சுக்கு மூன்று நிர்வாகம்

இரத்தினபுரி, கேகாலை என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்தது சப்ரகமுவ மாகாணம். நுவரெலியாவைப் போலத் தோட்டம் தோட்டமாகத் தொடர்ந்து கிடக்கும் நிலம் அல்ல இது. பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தைப் பக்கம் தேயிலை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டியப் பக்கம் இறப்பரும் தேயிலையும். நடுநடுவே சிங்களக் கிராமங்கள், மாணிக்கக் குழிகள், வயல்கள். தோட்டத் தமிழர் இங்கே சிறு தொகையினராகச் சிதறி வாழ்கிறார்கள். மத்திய மலைநாட்டைப் பற்றி எழுதப்படுவதில் கால்வாசிகூட இவர்களைப் பற்றி எழுதப்படுவதில்லை. மருத்துவ வசதியிலும் இந்தச் சிதறலின் விளைவு தெரிகிறது: ஒரு தோட்டத்துக்கு மட்டும் என்று எந்த நிபுணரும் வரமாட்டார்.

மூச்சு முட்டிய ஒருவர் ஏறவேண்டிய படிகள் இவை. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. தோட்ட மருத்துவ உதவியாளரைத்தான் ஜனங்கள் காலங்காலமாக ‘தோட்டத்து டாக்டர்’ என்கிறார்கள். அடுத்தது பிரதேச வைத்தியசாலை. அதற்கு மேல் ஆதார வைத்தியசாலை: இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, கஹவத்தை, களவானை, எஹலியகொட, கேகாலை மாவட்டத்தில் கரவனெல்ல, மாவனல்லை, வறக்காப்பொல. உச்சியில் இரத்தினபுரி போதனா வைத்தியசாலையும் கேகாலைப் பெரியாஸ்பத்திரியும். அதுவும் போதாதென்றால் கொழும்பு, அல்லது வெலிசறையில் உள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலை.

இந்தப் படிகள் ஒரே வீட்டுக்காரருடையவை அல்ல. டிஸ்பென்சரி தோட்டக் கம்பனியின் கீழ் இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாண சபையுடையவை. போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சுடையது. வரலாறும் இதற்குக் காரணம். தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இலும் பின்னர் 1912இலும் வந்த சட்டங்கள் அந்தப் பொறுப்பைத் தோட்டத்துரைமாரின் தலையில் வைத்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது, 1990களிலிருந்து சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்துக்கொண்டது, மற்றவை அப்படியே நின்றன. ஒரே நோயாளியின் நெஞ்சைப் பற்றிய தகவல் மூன்று நிர்வாகங்களில் மூன்று பதிவேடுகளில் கிடக்கும். அவற்றை இணைப்பது நோயாளி தம் பையில் கொண்டுபோகும் கிளினிக் கொப்பி ஒன்றுதான். அது மழையில் நனைந்தால் மருத்துவ வரலாறும் நனைந்துபோகும். இரத்தினபுரி நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்று என்பதைச் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

புகை, தூசி, ஈரம்

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு லயம். அதில் ஒரு குடும்பத்துக்கான அறை, அதாவது காம்பிராவின் பழைய அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ளோ, அதை ஒட்டிய சிறு இடத்திலோ விறகடுப்பு. தோட்டத்து வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் விறகில்தான் சமைக்கின்றன. பெரட்டு எனப்படும் காலை வேலைக் கணக்கெடுப்புக்குப் போகுமுன் அதிகாலையில் பெண் அடுப்பை மூட்டுவாள். மலைக்குளிரில் கதவு சாத்தியிருக்கும். வீட்டுப் புகையால் உலகில் 2020இல் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. சிகரட்டைக் கையால் தொடாத பெண்ணுக்கு நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வருவதற்கு இந்த அடுப்பே முதற்காரணம். ஆண்களுக்குப் பீடியும் சேர்ந்துகொள்கிறது. ‘இழுப்பு’, ‘முட்டு’ என்ற இரண்டு சொற்களுக்குள் ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அடைப்பு, இதயம் பலவீனமானதால் வரும் மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் தோட்டத்தில் அடக்கிவிடுவார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால், பிரித்தறிவது கிளினிக்கின் முதல் வேலையாகிறது.

அடுத்தது தொழிற்சாலை. கொழுந்தின் அடிப்பக்கத்து நுண்மயிர்கள் அரைபட்டு, சலிக்கும் அறையில் பஞ்சுபோலப் பறக்கும். இதைச் சுவாசிப்பவருக்கு வரும் ஆஸ்துமாவை 1970இலேயே பிரித்தானிய ஆய்விதழ் ஒன்றில் எழுதியவர் இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவர் சீ. ஜீ. உறகொட. தேயிலைத் தூள் கலக்கும் தொழிலாளரின் நாட்பட்ட மார்புச்சளி பற்றி 1980இல் மீண்டும் எழுதினார். அவர் கை வைத்த இன்னொரு பொருளும் இந்த மாகாணத்துக்கு நெருக்கமானது. கேகாலை மாவட்டத்தின் போகலவில் காரீயச் சுரங்கம் இருக்கிறது. காரீயத் தூசி நுரையீரலில் படிவதைப் பற்றி அவரும் ரணசிங்கவும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, உலக அளவில் இந்த நோயைப் பற்றி அடிக்கடி எடுத்தாளப்படுவது. இலங்கையின் தொழில்சார் நுரையீரல் நோய்களைப் பற்றி எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்கும் பெயர் உறகொட. தேயிலை விளம்பரத்துக்குச் செலவானதில் ஒரு துளி அவருடைய ஆய்வைத் தொடர்வதற்குச் செலவாகியிருந்தால், சலிப்பு அறைத் தொழிலாளரின் மூச்சு இன்று எப்படி இருக்கிறது என்று சொல்லப் புதிய கணக்கு கையில் இருந்திருக்கும்.

இறப்பர்ப் பக்கத்தில் பாலை உறையவைக்க போமிக் அமிலமும், உறையாமல் காக்க அமோனியாவும் பயன்படுகின்றன. இரண்டும் மூச்சுக்குழாயை எரிப்பவை. உறைந்த இறப்பர்ச் சீட்டைக் காயவைப்பது புகைவீட்டில். இங்கே வேலைசெய்யும் ஒருவருக்கு இருமல் என்றால், என்ன வேலை என்பதை மட்டும் கேட்டால் போதாது. எந்த அறையில் என்றும் கேட்கவேண்டும்.

வீடு தேடிப் போகும் சிகிச்சை

சுவாச நோய்களில், சிகிச்சையே ஊர்சுற்றும்படி முறையாக அமைக்கப்பட்டது காசநோய்க்குத்தான். இலங்கையில் காசநோய் எதிர்ப்பு இயக்கம் 1945இல் தொடங்கியது, பீ.சீ.ஜீ. ஊசி 1949இல் வந்தது. அக்காலத்தில் காசநோயாளி என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்கவேண்டும். அதை மாற்றிய ஆய்வு நடந்த இடம் சென்னை. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடி மருந்து எடுத்தவர்களையும் நல்ல சாப்பாட்டோடு சானடோரியத்தில் ஓய்வெடுத்தவர்களையும் ஒப்பிட்டது. 1959இல் வந்த முடிவின்படி குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குத் தொற்று கூடவும் இல்லை. மருந்து தவறாமல் உள்ளே போகிறதா என்பதே முக்கியம் என்று தெரிந்தது. நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காலம் முடிந்து, ஆஸ்பத்திரி நோயாளியைத் தேடி நடக்கும் காலம் தொடங்கியது.

இன்று நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,000 முதல் 9,000 காசநோயாளிகள் பதிவாகிறார்கள். கொரோனா ஆண்டுகளில் மட்டும் எண்ணிக்கை குறைந்தது. இரத்தினபுரி, அதிகம் பேர் பதிவாகும் மாவட்டங்களுள் ஒன்று. இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனி மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. தேசியக் காசநோய் மற்றும் மார்பு நோய் கட்டுப்பாட்டுத் திட்டம் அவற்றுக்கு வழிகாட்டுகிறது. சளியில் கிருமி உறுதியானதும் ஆறு மாதச் சிகிச்சை தொடங்கும்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின் நான்கு மாதம் இரண்டு மருந்து. தினமும் ஒருவர் கண்முன்னே மாத்திரையை விழுங்கவேண்டும். தோட்டத்தில் அந்த ஒருவர் பெரும்பாலும் டிஸ்பென்சரிக்காரரோ குடும்பநல உத்தியோகத்தரோதான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பயணம் இதன் அடுத்த பாதி. நோயாளியின் லயத்துக்குப் போய், உடன் வசிப்பவர்களின் பெயரை எழுதி, இருமல் உள்ளவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பி, சிறு பிள்ளைகளைத் தனியே கவனிக்கவேண்டும். ‘உடன் வசிப்பவர்’ என்பதன் எல்லையை லயத்தில் தீர்மானிப்பது எளிதல்ல. பழைய லயங்கள் பலவற்றில் அடுத்தடுத்த காம்பிராக்களுக்கு ஒரே கூரை. தடுப்புச் சுவருக்கு மேலாகக் காற்று போய்வரும். படிவத்தில் ஒரு குடும்பம், உண்மையில் ஒரு வரிசை. காசநோயைக் குறிக்கும் ‘கசம்’ என்ற பெயரே வெளியில் தெரியக்கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு. பக்கத்து டிஸ்பென்சரியை விட்டுவிட்டு, யாரும் தன்னை அறியாத இரத்தினபுரிக்கே பஸ் ஏறிப் போய் மருந்தெடுக்க விரும்புவார்கள். ஆறு மாதம் அந்தப் பஸ் கட்டணம் தாங்காது என்பதும் மூன்றாம் மாதத்தில் தெரியும்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது; அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. மாதம் இரண்டு கிளினிக் நாள் என்றால் போகும் தொகையைத் தொழிலாளி விரல்விட்டு எண்ணுவார். இலவச மருத்துவம் என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கு வராது.

இந்த மருந்துகளைப் பற்றி உறகொட கண்டறிந்த ஒன்று இங்கே சொல்லத்தக்கது. ஐசோனியாசிட் உட்கொள்ளும் சில நோயாளிகளுக்கு மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. சூரை போன்ற மீன்களில், சரியாகக் குளிரூட்டாமல் வைத்தால், ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். உடல் அதைச் சிதைக்கும் வழியை ஐசோனியாசிட் அடைத்துவிடுகிறது. அவரும் கொத்தேகொடவும் இதை 1977இல் எழுதினார்கள். கடலிலிருந்து மலையேறி, ஐஸ் கரைந்து தோட்டத்துச் சந்தைக்கு வரும் ‘பலயா’ மீனுக்கு இது நேராகப் பொருந்தும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடும் நோயாளியிடம், முதல்நாள் என்ன கறி என்று கேட்பது ஒரு வைத்தியக் கேள்வி.

ஊது, ஊது, இன்னும் ஊது

ஆஸ்துமாவுக்கும் மூச்சுக்குழாய் அடைப்புக்கும் முதன்மை மருந்து இன்ஹேலர். வாங்கிக் கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. அழுத்தும் ‘பம்ப்’ வகையில் அழுத்தும் நொடியும் மூச்சை இழுக்கும் நொடியும் ஒன்றுசேரவேண்டும். இல்லாவிட்டால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்து நின்றுவிடும். தூள் வகையிலோ, உள்ளே வைத்த குளிசையை உடைத்து வேகமாக உறிஞ்சவேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் பம்ப் கிடைக்கும், அடுத்ததில் தூள்தான் இருப்பில் இருக்கும்; நோயாளி ஒன்றின் முறையில் மற்றதை இழுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கிளினிக்கிலும் தம் கண்முன்னே ஒருமுறை இழுக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் இதற்கு வழி. இரண்டு நிமிடம் போதும். நூறு பேர் வரிசையில் நிற்கும் காலையில் அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் வெட்டுப்படும்.

மருந்து நுரையீரலுக்குள் போக உதவும் ஸ்பேசர் குழலை வாங்க முடியாதவர்களுக்கு, 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாயளவு துளை போட்டுப் பயன்படுத்தலாம். தென்னாபிரிக்காவில் ஹெதர் ஸார் குழுவினர் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இது சளைத்ததல்ல என்று 1999இல் காட்டினார்கள். சோடாப் போத்தல் இல்லாத தோட்டம் கிடையாது.

அளவீட்டில் மொழி நேரடியாகக் குறுக்கிடுகிறது. ஸ்பைரோமீற்றர் சோதனையில் நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் வேகமாக ஊதி, ஆறு வினாடி விடாமல் ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் வினாடியில் வெளியேறும் காற்று, மொத்தத்தில் 70 வீதத்துக்குக் குறைந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். ஊதுகிறவர் பாதியில் விட்டுவிட்டால் எண் பொய்யாகும். அருகில் நிற்பவர் உரக்கச் சொல்லி உசுப்பவேண்டிய சோதனை இது. சிங்களம் மட்டும் தெரிந்த பணியாளரும் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியும் எதிரெதிரே நின்றால், சைகையில் பாதி வேலைதான் நடக்கும். வரிசையில் நிற்கும் யாரோ ஒரு பெண் முன்வந்து, “நல்லா ஊது ஆத்தா, விடாத, இன்னும் ஊது” என்று சத்தம் போட்டால் வளைகோடு சரியாக விழும். அந்தப் பெண்ணுக்கு ஸ்பைரோமீற்றர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை.

68 நிமிடம்

ஐ.சீ.யூவில் இந்தத் தொழிலின் நுட்பம் கூடுகிறது. இயந்திரம் ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றின் அளவை, நோயாளியின் உயரத்திலிருந்து கணக்கிட்ட எடைக்கு கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்று வைப்பது, சேதமான நுரையீரலைக் காக்கும் என்று 2000ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. தோட்டத்தில் 148 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கில் வருவது ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். முந்திய நோயாளிக்கு வைத்த 450 அப்படியே கிடந்தால் அவருடைய நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் மிகையாக விரிந்து சேதமாகும். படுக்கையில் இருப்பவரின் உயரத்தை நாடாவால் அளக்கும் பழக்கம், எந்த விலையுயர்ந்த இயந்திரத்தைவிடவும் இங்கே பயன் தருவது.

ஒரே ஆள் பல ஆஸ்பத்திரிகளில் வேலைசெய்தால் இன்னொரு சிக்கலும் எதிர்ப்படும். ஓரிடத்து இயந்திரம் ஒரு கம்பனியுடையது, அடுத்த இடத்தில் இன்னொன்று. ஒரே செயலுக்கு இரண்டு திரையில் இரண்டு பெயர். எச்சரிக்கை மணி எந்த எண்ணில் அடிக்கும், ஒட்சிசன் சுவரிலிருந்து வருகிறதா சிலிண்டரிலிருந்தா, மாற்றுச் சிலிண்டர் எங்கே, சாவி யாரிடம்: புது வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியைப் பார்க்குமுன் பார்க்கவேண்டியவை இவை.

ஆதார வைத்தியசாலையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு மாற்றும்போது கணக்கு இன்னும் இறுகுகிறது. அம்புலன்சில் வைக்கும் ‘ஈ’ அளவுச் சிலிண்டரில் நிறைந்திருந்தால் 680 லீற்றர் ஒட்சிசன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் போனால் 68 நிமிடம். 15 லீற்றர் என்றால் 45. பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஏ4 வீதியின் வளைவுகளில். மழை, லொறி, பெல்மதுளைச் சந்தி நெரிசல் என்று எதுவும் குறுக்கிடலாம். கரவனெல்லவிலிருந்து கேகாலைக்கு புளத்கொஹுபிட்டிய வழியாகப் போகும் ஏ21 வீதியும் அப்படியே. மண்சரிவுப் பிரதேசம் அது. ஒரு சிலிண்டரை நம்பிப் புறப்படக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவிய 1990 ‘சுவசெரிய’ சேவை, வீட்டிலிருந்து முதல் ஆஸ்பத்திரிவரையிலான பயணத்தை வெகுவாக மாற்றியது. அதற்கு முன்பு பல தோட்டங்களில் இரவில் இழுப்பு வந்தவருக்குக் கிடைத்தது கொழுந்து லொறிதான். தோட்டத்துப் பாதை சில இடங்களில் அம்புலன்சுக்கு இன்றும் இடம்கொடுப்பதில்லை. பிரதான வீதிவரை தூக்கிவரவேண்டும்.

2021 ஓகஸ்டில், கொரோனாவின் டெல்டா அலையில், இந்தக் கணக்கு நாட்டுக்கே கணக்காயிற்று. இந்தியக் கடற்படையின் ‘சக்தி’ கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசன் கொண்டுவந்தது; அதே பெயருடைய இலங்கைக் கடற்படைக் கப்பல் சென்னையிலிருந்து 40 தொன் ஏற்றிவந்தது. வார்டுகளில் அதிவேக ஒட்சிசன் கருவிகள் அப்போது பெருகின. அடுத்த ஆண்டு பொருளாதாரம் விழுந்தது. எரிபொருள் இல்லாமல் கிளினிக்குக்குப் போகும் பஸ்கள் குறைந்தன, மருந்து இருப்பு வற்றியது, பயிற்சி பெற்ற மருத்துவரும் தாதியரும் வெளிநாடு போனார்கள். கருவி வார்டில் இருந்தது, ஓட்டத் தெரிந்தவர் விமானத்தில் இருந்தார். சமையல் எரிவாயுத் தட்டுப்பாட்டில் நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பின. தோட்டத்து வீடுகள் திரும்பவேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் ஒட்சிசன்

காசநோயைத் தவிர மற்ற நெஞ்சுநோய்களுக்கு, ஆஸ்பத்திரி வாசலோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. இயந்திரத்திலிருந்து மீண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிப்புத் துண்டு வாங்கிக்கொண்டு போன ஒருவரின் லயத்துக்கு யாரும் போவதில்லை. காசநோய் ஆறியபின் மூச்சுக்குழாய் விரிந்து, நாள்தோறும் சளி தேங்கும் நோயாளிக்கு, படுக்கும் நிலையை மாற்றிச் சளியை வடிக்கவும் மூச்சைக் கட்டம் கட்டமாக விட்டு இருமவும் ஒரு இயன்மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து காட்டினால் போதும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் பெரிய கருவி வேண்டியதில்லை. 30 மீற்றர் சமதரையில் ஆறு நிமிட நடை, ஒரு நாற்காலி, ஒரு படிக்கட்டு. படிக்கட்டுக்குத் தோட்டத்தில் பஞ்சமில்லை, சமதரைக்குத்தான் பஞ்சம். டிஸ்பென்சரிகளைச் சுற்றிவரும் ஒரு ஆள், மாவட்டத்துக்கு இரண்டு பேர் என்றாலும், இந்த வேலையைச் செய்யமுடியும். பரிசோதகர்கள் காசநோய்க்குப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் இதுவே.

மிகச் சிக்கலானது வீட்டில் ஒட்சிசன். நாட்பட்ட அடைப்பு முற்றி இரத்தத்தில் ஒட்சிசன் நிரந்தரமாகக் குறைந்தவர், நாளுக்கு 15 மணிநேரமாவது ஒட்சிசன் எடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க, பிரித்தானிய ஆய்வுகள் காட்டின. அதற்கு அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் மின்கருவி வேண்டும். அது 300 வாட் அளவில் நாள் முழுதும் மின்சாரம் இழுக்கும். இணைப்பில்லாத, அல்லது அடுத்த காம்பிராவிலிருந்து வயர் இழுத்த வீட்டில் இதை ஓட்ட முடியாது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு சிலிண்டர் வேண்டும்.

இதைவிடப் பெரியது நெருப்பு. ஒட்சிசன் கருவி திறந்த சுவாலையிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்பது பிரித்தானியாவில் வீட்டு ஒட்சிசன் நோயாளிகளுக்குச் சொல்லப்படும் விதி. பத்து அடிக் காம்பிராவின் அகலமே 3 மீற்றர்தான். மூக்கில் குழாயோடு இருப்பவர் அடுப்புப் பக்கம் திரும்பினால் துணி பற்றக்கூடும். வீட்டில் யாராவது பீடி பற்றவைத்தாலும் அப்படியே. ஆகவே அந்த வீட்டுக்கு ஒட்சிசன் கொடுக்குமுன் அடுப்பு வெளியே கொட்டிலுக்குப் போகவேண்டும், அல்லது கருவி முன்திண்ணையில் நிற்க இடம் இருக்கவேண்டும். எந்தச் சுவரில் பிளக், எந்த மூலையில் அடுப்பு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வார்டில் இருந்தபடி தெரியாது. போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் உட்கார்ந்து வீட்டு ஒட்சிசனை எழுதும் மருத்துவர், இன்றைய ஏற்பாட்டில், நோயாளியின் மகன் கையால் வரைந்து காட்டும் காம்பிராப் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்.